உலைக்குத் தப்பிய வெள்ளி டொலர்கள்

கனடாவில் நெடுங்காலமாக வாழும் பழைய நண்பர் ஒருவர், சென்ற முறை கொழும்புக்கு வந்திருந்தபோது சிறிய பிளாஸ்ரிக் உறை ஒன்றை என் மேசைமீது வைத்தார். உள்ளே அமெரிக்க வெள்ளி டொலர் ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தில் சுதந்திர தேவியின் தலை, அதன் கீழே 1921 என்ற ஆண்டு. மறுபக்கத்தில் சிறகு விரித்த கழுகு. நூறாண்டு கடந்த நாணயம், கிடைத்தற்கரியது என்று சொல்லி யாரோ ஒரு வியாபாரி அதை நல்ல விலைக்கு அவர் தலையில் கட்டியிருந்தார்.

"பேரப்பிள்ளைக்கு வைக்கலாம் எண்டு வாங்கினன். இதின்ரை உண்மையான பெறுமதி என்ன? நீர் பேப்பர்க்காரன், தேடிப் பார்த்துச் சொல்லும்" என்றார்.

வீட்டிலிருந்த சிறிய மின்தராசில் நிறுத்துப் பார்த்தேன். 26.7 கிராம். விட்டம் 38 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அளவில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் 'கிடைத்தற்கரியது' என்ற சொல் மட்டும் பொய். 1921ஆம் ஆண்டில் இந்த வகை டொலர் மூன்று நாணயச்சாலைகளில் மொத்தம் 8 கோடி 67 இலட்சம் அடிக்கப்பட்டது. அதற்கு முந்திய பதினாறு ஆண்டுகளில் அமெரிக்கா ஒரேயொரு வெள்ளி டொலரைக்கூட அடிக்கவில்லை. அப்படியிருக்க, ஒரே ஆண்டில் இத்தனை கோடி எதற்காக?

இந்தக் கேள்வியின் பின்னால் போனால், அது அமெரிக்கச் சுரங்கங்களில் தொடங்கி, பம்பாய்த் துறைமுகம் வழியாக, நம்மவர் வீட்டு அலுமாரிகள் வரை கொண்டுவந்து விடுகிறது. டொலர் நாணயத்தின் வரலாற்றைச் சற்று முன்னிருந்தே பார்ப்போம்.

பள்ளத்தாக்கில் பிறந்த பெயர்

டொலர் என்பது அமெரிக்கச் சொல்லல்ல. இன்றைய செக் குடியரசில் உள்ள யாக்கிமோவ் என்ற ஊருக்கு முன்பு யோவாக்கிம்ஸ்தால் என்று பெயர். 'தால்' என்றால் ஜேர்மன் மொழியில் பள்ளத்தாக்கு. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தோண்டிய வெள்ளியில் அடித்த பெரிய நாணயங்கள் 'தாலர்' என்று அழைக்கப்பட்டன. அச்சொல் மொழிக்கு மொழி திரிந்து டொலர் ஆயிற்று.

அமெரிக்கக் குடியேற்றங்களில் புழங்கிய பெருநாணயம் ஸ்பெயினுடையது. மெக்சிக்கோவிலும் இன்றைய பொலிவியாவின் பொத்தோசி மலையிலும் எடுத்த வெள்ளியில் அடிக்கப்பட்ட 'எட்டு ரெயால்' காசையே ஆங்கிலேயக் குடியேறிகள் ஸ்பானிய டொலர் என்றனர். அமெரிக்கா சுதந்திரம் பெற்று அரசியலமைப்பை எழுதிய பின்னரும், 1857 வரை அந்த அந்நிய நாணயம் அங்கே சட்டபூர்வமான பணமாகவே இருந்தது.

1792 ஏப்ரல் 2ஆம் திகதி நிறைவேறிய நாணயச் சட்டம் அமெரிக்க டொலரை வரையறுத்தது. ஒரு டொலரில் 371.25 கிரெயின் தூய வெள்ளி இருக்கவேண்டும். செப்புக் கலப்புடன் மொத்த நிறை 416 கிரெயின், அதாவது 26.96 கிராம். வெள்ளியின் அளவைப் பின்வந்த எந்தச் சட்டமும் மாற்றவில்லை. 1935 வரை அடிக்கப்பட்ட வழக்கமான வெள்ளி டொலர் ஒவ்வொன்றிலும் அதே 371.25 கிரெயின் இருந்தது. இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் தேவைப்படும்.

முதல் டொலர்கள் பிலடெல்பியா நாணயச்சாலையிலிருந்து 1794 ஒக்டோபர் 15ஆம் திகதி வெளிவந்தன. எண்ணிக்கை 1,758 மட்டுமே. அங்கிருந்த அழுத்துப்பொறி இத்தனை பெரிய நாணயத்துக்குப் போதாதது. அதனால் இன்று எஞ்சியுள்ள 1794 டொலர்கள் பலவற்றில் இடப்பக்கத்து நட்சத்திரங்களும் எழுத்துகளும் மங்கலாகவே பதிந்திருக்கும். நாணயத்தின் பெறுமதி முகப்பிலும் இல்லை, மறுபக்கத்திலும் இல்லை. 'நூறு சதம், ஒரு டொலர் அல்லது அலகு' என்ற பொருளில் விளிம்பில் மட்டும் பொறித்திருந்தார்கள். 2013 ஜனவரியில் நியூயோர்க்கில் நடந்த ஏலத்தில் இவற்றுள் மிகச் சிறந்த ஒன்று 1 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட விலைக்குப் போனது. நாணயம் ஒன்று அந்த எல்லையைத் தாண்டியது அதுவே முதல் தடவை.

ஆனால் பிறந்த வீட்டில் இந்த நாணயம் நிலைக்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் அமெரிக்க டொலரையும் ஸ்பானிய டொலரையும் ஒன்றுக்கு ஒன்றாக ஏற்றுக்கொண்டார்கள். ஸ்பானிய டொலரில் வெள்ளி சற்று அதிகம். வணிகர்கள் புதிய அமெரிக்க டொலரைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள், ஸ்பானிய டொலரைக் கொண்டுவந்தார்கள், அதை நாணயச்சாலையில் கொடுத்து மீண்டும் அமெரிக்க டொலராக அடிப்பித்துக்கொண்டார்கள். அரசாங்கம் செலவழித்து அடிக்க, இலாபம் வணிகர் கைக்குப் போயிற்று. 1804 இல் டொலர் அடிப்பது நின்றது. அந்த ஆண்டில் வெளிவந்த 19,570 டொலர்களும் முந்திய ஆண்டு பொறித்த பழைய அச்சுகளில் அடிக்கப்பட்டவை.

1804 என்ற பொய்யான ஆண்டு

அப்படியானால் '1804' என்று ஆண்டு பொறித்த டொலர் இருக்க முடியாது. ஆனால் இருக்கிறது. அதற்குக் காரணம் நமது இந்து சமுத்திரத்தோடு தொடர்புடையது.

1830களில் அமெரிக்கா கிழக்கு நாடுகளோடு வணிக உடன்படிக்கைகள் செய்ய முயன்றது. அதற்கான தூதுவராகச் சென்றவர் எட்மண்ட் ரொபேர்ட்ஸ். மஸ்கற் சுல்தானுக்கும் சீயம் மன்னனுக்கும் கொடுக்கவேண்டிய அன்பளிப்புகளில், அமெரிக்காவின் எல்லா நாணயங்களும் அடங்கிய பேழை ஒன்றும் இடம்பெற்றது. டொலர் அடிப்பது நின்று முப்பது ஆண்டு ஆகியிருந்தது. பழைய பதிவேட்டைப் புரட்டிய நாணயச்சாலை அதிகாரிகள் கடைசி டொலர்கள் 1804 இல் வெளிவந்ததைக் கண்டு, அவ்வாண்டைப் பொறித்துப் புதிய அச்சுகளைச் செய்தார்கள். இவ்வாறு 1834 இல் பிறந்த நாணயம் 1804 என்ற பிறந்த ஆண்டோடு மஸ்கற்றுக்கும் பாங்கொக்குக்கும் பயணம் செய்தது. ரொபேர்ட்ஸ் நாடு திரும்பவில்லை. 1836 இல் மக்காவோவில் இறந்துபோனார்.

பிற்காலத்தில் நாணயச்சாலை ஊழியர்கள் சிலர் அதே ஆண்டுடன் மேலும் சிலவற்றை இரகசியமாக அடித்தார்கள். மூன்று வகையும் சேர்த்து இவற்றில் 15 மட்டுமே நீண்டகாலமாக அறியப்பட்டிருந்தன. மஸ்கற் சுல்தானுக்குப் போனது எனக் கருதப்படும் டொலர் 1999 இல் 41 இலட்சம் டொலருக்கும், 2021 இல் 76 இலட்சம் டொலருக்கும் விற்பனையானது. ஒரு நாள்கூடப் பணமாகப் புழங்காத, ஆண்டும் பொய்யான ஒரு நாணயமே அமெரிக்க நாணயங்களின் அரசன் என்று சேகரிப்பாளர்களால் கொண்டாடப்படுகிறது.

சீனத்துக்குப் போன டொலர்

1837 இல் வெள்ளியின் அளவை மாற்றாமல் செப்பை மட்டும் குறைத்து, 412.5 கிரெயின் நிறையும் 90 சதவீத வெள்ளியும் என்று தரத்தைச் சீர்செய்தார்கள். 1840 முதல் 1873 வரை, அமர்ந்த நிலையில் சுதந்திர தேவி காணப்படும் டொலர் அந்தத் தரத்தில் வெளிவந்தது.

1859 இல் நெவாடாவில் கொம்ஸ்ரொக் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. வெள்ளி வெள்ளமாக வந்தது. அதே காலத்தில் ஜேர்மனி தங்க நாணய முறைக்கு மாறித் தன் வெள்ளியை விற்றது. விலை சரியத் தொடங்கிய நேரத்தில், 1873ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கமான வெள்ளி டொலரை நிறுத்திவிட்டு, சீன வணிகத்துக்கென்றே 420 கிரெயின் நிறையுள்ள 'வர்த்தக டொலர்' ஒன்றை உருவாக்கியது. சீன வணிகர்கள் மெக்சிக்கோவின் வெள்ளிக் காசையே நம்பினார்கள். அதனிலும் சற்றுக் கனமாக ஒன்றைக் கொடுத்தால் வாங்குவார்கள் என்பது கணக்கு. கணக்குத் தவறவில்லை. அவர்கள் வாங்கினார்கள், வெள்ளியைச் சோதித்ததற்கு அடையாளமாகத் தங்கள் சிறு முத்திரையை அதன்மேல் குத்தினார்கள்.

உள்நாட்டில்தான் சங்கடம் வந்தது. வெள்ளி விலை மேலும் விழுந்தபோது வர்த்தக டொலரிலிருந்த வெள்ளி ஒரு டொலர் பெறவில்லை. 1876 இல் காங்கிரஸ் அதன் சட்டபூர்வத் தகுதியை நீக்கியது. அரசாங்கத்தின் பெயரும் பெறுமதியும் பொறித்த காசை அரசாங்கமே ஏற்க மறுத்தது. முதலாளிகள் சிலர் அதைக் கழிவு விலைக்கு வாங்கி, தொழிலாளருக்கு முழு டொலராகக் கூலி கொடுத்தார்கள். கடைக்காரன் அதைக் குறைத்தே எடுத்தான். நட்டம் கூலிக்காரனுக்கு. 1887 இல்தான் திறைசேரி அவற்றைத் திரும்பப் பெற இணங்கியது. அப்போதும் சீன முத்திரை குத்தியவை சேதமடைந்தவை என்று நிராகரிக்கப்பட்டன. அன்று தள்ளப்பட்ட அந்த முத்திரைக் காசுகளையே தேடிச் சேர்க்கும் கூட்டம் ஒன்று இன்று உண்டு.

யாரும் கேட்காத மோர்கன் டொலர்

நண்பர் கொண்டுவந்த நாணயத்தின் வகைக்கு வருகிறோம். 1878 பெப்ரவரி 28ஆம் திகதி, ஜனாதிபதி ஹேய்ஸின் மறுப்பாணையையும் மீறி, பிளான்ட்-அலிசன் சட்டம் நிறைவேறியது. மாதந்தோறும் 20 முதல் 40 இலட்சம் டொலர் பெறுமதியான வெள்ளியைத் திறைசேரி வாங்கி டொலராக அடிக்கவேண்டும் என்பது அதன் கட்டளை. சுரங்கக்காரருக்கு நிச்சயமான சந்தை தேவை, கடனில் மூழ்கிய விவசாயிகளுக்குப் பணப்புழக்கம் தேவை. இவ்விரு தரப்பின் அரசியல் பலமே சட்டமாயிற்று. கனமான அந்தக் காசைச் சட்டைப்பையில் சுமக்க விரும்புகிறார்களா என்று மக்களை எவரும் கேட்கவில்லை.

நாணயத்தை வடிவமைத்தவர் இங்கிலாந்தில் பிறந்து 1876 இல் பிலடெல்பியாவுக்கு வந்த ஜோர்ஜ் மோர்கன். சுதந்திர தேவியின் முகத்துக்கு மாதிரியாக இருந்தவர் அன்னா வில்லியம்ஸ் என்ற பாடசாலை ஆசிரியை. முதலில் கழுகின் வாலில் எட்டு இறகுகள் இருந்தன. அமெரிக்க நாணய மரபுப்படி ஒற்றை எண்ணாக இருக்கவேண்டும் என்று சொல்லி, அதே 1878 இல் ஏழாகக் குறைத்தார்கள். எட்டு இறகா ஏழு இறகா என்பது சேகரிப்பாளர் இன்றும் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு எண்ணும் விடயம்.

1904 வரை ஏறத்தாழ 57 கோடி மோர்கன் டொலர்கள் அடிக்கப்பட்டன. மேற்கு மாநிலங்களில் கொஞ்சம் புழங்கியதைத் தவிர, பெரும்பகுதி ஆயிரம் ஆயிரமாகப் பைகளில் கட்டப்பட்டு நிலவறைகளில் அடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வெள்ளிச் சான்றிதழ் என்ற காகிதப் பணம் மக்கள் கையில் புழங்கியது. வாங்கிய வெள்ளி தீர்ந்ததும் 1904 இல் வேலை நின்றது.

பம்பாய்க்குப் போன வெள்ளி

முதலாம் உலகப் போரில் பிரித்தானியா இந்தியாவிலிருந்து தானியம், சணல், தோல் எனப் பெருமளவில் கொள்வனவு செய்தது. அதற்கான விலையை இந்திய மக்களுக்கு ரூபாவில் கொடுக்கவேண்டும். இந்தியக் காகித நோட்டை எவர் நீட்டினாலும் வெள்ளி ரூபா கொடுப்பதாக அரசாங்கம் வாக்களித்திருந்தது. நாட்டுப்புற விவசாயி நோட்டை நம்பவில்லை, வெள்ளியைக் கேட்டான். வெள்ளி உலகச் சந்தையில் அருகி, விலை ஏறியது. 1917 இன் இறுதியில் ஒரு ரூபா நோட்டும், அடுத்து இரண்டரை ரூபா நோட்டும் அச்சிட்டுச் சமாளிக்க முயன்றார்கள். 1918 இன் முற்பகுதியில் போர்முனைச் செய்திகள் பாதகமாக வரவே, பம்பாய் முதலிய இடங்களில் நோட்டை வெள்ளியாக மாற்றக் கூட்டம் திரண்டது. கையிருப்பு அடிமட்டத்தைத் தொட்டது. வாக்குத் தவறினால், போரின் நடுவே பேரரசின் நாணயம், அச்சொல்லின் இரு பொருளிலும், கவிழ்ந்துவிடும்.

உலகில் அவ்வளவு வெள்ளி சும்மா கிடந்த இடம் ஒன்றே ஒன்றுதான். யாரும் விரும்பாத மோர்கன் டொலர்கள் அடுக்கியிருந்த அமெரிக்க நிலவறைகள். 1918 ஏப்ரல் 23ஆம் திகதி பிற்மன் சட்டம் நிறைவேறியது. 35 கோடி டொலர்வரை உருக்கி, அவுன்ஸ் ஒரு டொலர் விலையில் விற்க அது அனுமதி அளித்தது. உண்மையில் உருக்கப்பட்டவை 27,02,32,722 நாணயங்கள். அவற்றுள் 25 கோடி 91 இலட்சத்துக்கும் அதிகமானவற்றின் வெள்ளி, ஏறத்தாழ 20 கோடி அவுன்ஸ், இந்தியாவுக்கென பிரித்தானியாவுக்கு விற்கப்பட்டது. அதுவரை அடித்த மோர்கன் டொலர்களில் ஏறக்குறைய அரைப்பங்கு இப்படி உலையில் போயிற்று.

இங்கேதான் நான் நினைவில் வைக்கச் சொன்ன எண் வருகிறது. இந்திய வெள்ளி ரூபாவின் நிறை 180 கிரெயின். அதில் தூய வெள்ளி 165 கிரெயின். அமெரிக்க டொலரின் 371.25 கிரெயினை 165 ஆல் வகுத்தால் மிச்சம் மீதியின்றி இரண்டேகால் வருகிறது. ஒரு மோர்கன் டொலர் உருகினால் இரண்டேகால் ரூபா. அந்தக் கணக்கில் சுமார் 58 கோடி ரூபாவுக்குப் போதுமான வெள்ளி கப்பலேறியது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த நாணயச்சாலைகள் 1918 முதல் 1920 வரை ஐந்தாம் ஜோர்ஜ் மன்னனின் தலை பொறித்த ரூபாக்களை மலைமலையாக அடித்துத் தள்ளின.

இலங்கையிலும் அக்காலத்தில் இந்திய வெள்ளி ரூபாவே புழங்கியது. பாக்கு நீரிணையின் இருகரையிலும் நமது பாட்டிமார் சேலைத் தலைப்பில் முடிந்துவைத்த ரூபாக்களில் எத்தனையில் நெவாடா வெள்ளி கலந்திருந்தது என்று எவரும் சொல்ல இயலாது. அவற்றுள்ளும் பல, பின்னர் கொலுசாகவும் அரைஞாண் கொடியாகவும் மறுபடி உலை கண்டிருக்கும்.

ஈடுசெய்ய அடித்த நாணயம்

பிற்மன் சட்டத்தை முன்மொழிந்த கீ பிற்மன் நெவாடா மாநிலத்தின் செனற்றர். உருக்கிய ஒவ்வொரு டொலருக்கும் ஈடாக, அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து அவுன்ஸ் ஒரு டொலர் விலைக்கே வெள்ளி வாங்கிப் புதிய டொலர் அடிக்கவேண்டும் என்ற விதியையும் அவர் சட்டத்தில் சேர்த்திருந்தார். 1921 இல் சந்தை விலை அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. ஆயினும் சட்டம் சட்டமே. அதனால்தான் பதினாறு ஆண்டு மௌனத்தின் பின் 1921 இல் 8 கோடி 67 இலட்சம் மோர்கன் டொலர்கள் கொட்டின. நண்பரின் நாணயமும் அவற்றுள் ஒன்று. இந்தியாவுக்குப் போன ஏதோ ஒரு டொலரின் இடத்தை நிரப்பப் பிறந்தது.

அதே ஆண்டு டிசெம்பரில் 'சமாதான டொலர்' வந்தது. போர் முடிந்ததன் நினைவாக, இத்தாலியில் பிறந்த இளம் சிற்பி அந்தோனி டி பிரான்சிஸ்கி தன் மனைவி தெரேசாவை மாதிரியாகக் கொண்டு வடித்த முகம் அது. முதல் வரைவில் கழுகின் அருகே உடைந்த வாள் ஒன்று இருந்தது. உடைந்த வாள் தோல்வியின் சின்னம் என்று எதிர்ப்புக் கிளம்பவே அதை அகற்றினார்கள். 1921ஆம் ஆண்டுக்குரியவை 10 இலட்சத்துக்குச் சற்று அதிகம். அவற்றின் உருவம் மிகவும் புடைப்பாக இருந்ததால் அச்சுகள் விரைவில் பழுதடைந்தன. 1922 இல் புடைப்பைக் குறைத்துவிட்டார்கள். 1928 இல் ஈடுசெய்யும் வேலை முடிந்தது. 1934, 1935 இல் மீண்டும் சிறிது அடித்ததோடு, புழக்கத்துக்கான வெள்ளி டொலரின் வரலாறு முடிகிறது. 1965 மே மாதத்தில் டென்வர் நாணயச்சாலை 1964 என்ற ஆண்டுடன் 3,16,076 சமாதான டொலர்களை அடித்தது உண்மை. ஆனால் சேகரிப்பாளரே அள்ளிக்கொள்வார்கள் என்று கண்டனம் எழ, அத்தனையும் உருக்கப்பட்டன.

பதிவேடு சொல்லாத அருமை

1918 இல் டொலர்களை உருக்கியவர்கள் நிறையைக் குறித்தார்களே தவிர, எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை என்று குறிக்கவில்லை. ஆகவே அடித்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒரு மோர்கன் டொலரின் அருமையைக் கணிக்க முடியாது. உலைக்குத் தப்பியது எத்தனை என்பதே கேள்வி.

1895 இல் பிலடெல்பியாவில் 12,000 டொலர்கள் அடித்ததாகப் பதிவேடு சொல்கிறது. அவற்றில் ஒன்றையும் எவரும் கண்டதில்லை. சேகரிப்பாளருக்கென மெருகேற்றிய அச்சில் அடித்த 880 'புரூவ்' நாணயங்கள் மட்டுமே அந்த ஆண்டின் சாட்சிகள். மறுபுறம், நியூ ஓர்லியன்ஸில் அடித்த 1903ஆம் ஆண்டு டொலர் நெடுங்காலம் மிக அரியதாகக் கருதப்பட்டது. 1962 இன் விலைப்பட்டியலில் அதன் விலை 1,500 டொலர். அவ்வாண்டின் இறுதியில் திறைசேரி தன் நிலவறையைத் திறந்து பழைய பைகளை வெளியே விட்டபோது, பை பையாக அதே நாணயம் வந்தது. விலை சில பத்து டொலர்களாகச் சரிந்தது. அரியது என்று நம்பிச் சேமிப்பை அதில் போட்டவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

செய்தி பரவியதும் மக்கள் வெள்ளிச் சான்றிதழ்களோடு வொஷிங்டன் திறைசேரி வாசலில் வரிசையில் நின்றார்கள். 1964 மார்ச்சில் அரசாங்கம் வழங்குவதை நிறுத்தியபோது எஞ்சியவை ஏறத்தாழ 30 இலட்சம். பெரும்பாலும் நெவாடாவின் கார்சன் சிற்றியில் அடித்தவை. 1972 முதல் 1980 வரை அவற்றைத் தபால் மூலம் விற்றார்கள். 1884 இல் கார்சன் சிற்றியில் அடித்த 11,36,000 டொலர்களில் 9,62,638 அந்த நிலவறையிலேயே இருந்தன. எண்பது ஆண்டாக ஒருவர் கையும் படாதவை.

சிறிய டொலர்கள்

1971 இல் ஐசன்ஹோவர் உருவத்துடன் செப்பு-நிக்கல் டொலர் வந்தது. மறுபக்கத்தில் சந்திரனில் இறங்கும் கழுகு, அப்பலோ 11 பயணத்தின் சின்னம். பெரிதாக இருந்ததால் சூதாட்ட விடுதிகளுக்கு வெளியே அதிகம் புழங்கவில்லை. 1979 இல், பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் அந்தோனியின் உருவத்துடன் சிறிய டொலர் வந்தது. அந்த ஓராண்டில் மட்டும் 75 கோடிக்கு மேல் அடித்தார்கள். கால் டொலர் காசோடு மாறுகிறது என்று மக்கள் ஒதுக்கினார்கள். 2000 இல் பொன்னிறத்தில் சக்கஜவியா டொலர், 2007 முதல் ஜனாதிபதிகள் வரிசை டொலர். நோட்டைத் திரும்பப் பெறாமல் நாணயத்தை மட்டும் நீட்டினால் மக்கள் நோட்டையே எடுப்பார்கள் என்பது ஒவ்வொரு தடவையும் நிரூபணமானது. அண்டை நாடான கனடா 1987 இல் டொலர் நாணயத்தை வெளியிட்டு, 1989 இல் நோட்டு வழங்குவதை நிறுத்தியது. அங்கே நாணயம் நிலைத்தது.

2011 டிசெம்பரில் அமெரிக்கத் திறைசேரி புழக்கத்துக்காக டொலர் அடிப்பதை நிறுத்தியபோது, மத்திய வங்கியின் நிலவறைகளில் 140 கோடி டொலர் நாணயங்கள் தேங்கிக் கிடந்தன. மோர்கன் காலத்துக் கதை மறுபடி நடந்திருந்தது. 2000 இல் டொலரையே தன் பணமாக ஏற்றுக்கொண்ட ஈக்குவடோர் நாட்டின் சந்தைகளில்தான் சக்கஜவியா உண்மையான காசாகப் புழங்கியது.

அளவும் நிறையும்

சேகரிக்க விரும்புவோருக்கு உதவும் விபரங்களைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1794 – 1803: நிறை 26.96 கிராம், விட்டம் 39 – 40 மி.மீ., வெள்ளி 89.24 சதவீதம்.
அமர்ந்த தேவி, மோர்கன், சமாதான டொலர்கள் (1840 – 1935): 26.73 கிராம், 38.1 மி.மீ., வெள்ளி 90, செப்பு 10 சதவீதம். தூய வெள்ளி 0.7734 ட்ரோய் அவுன்ஸ்.
வர்த்தக டொலர் (1873 – 1885): 27.22 கிராம், 38.1 மி.மீ., வெள்ளி 90 சதவீதம். 1878 இன் பின் 'புரூவ்' மட்டுமே.
ஐசன்ஹோவர் (1971 – 1978): 22.68 கிராம், 38.1 மி.மீ., செப்பு-நிக்கல். சேகரிப்பாளருக்கான 40 சதவீத வெள்ளி நாணயம் 24.59 கிராம்.
சூசன் அந்தோனி (1979 – 1981, 1999): 8.1 கிராம், 26.5 மி.மீ., செப்பு-நிக்கல்.
சக்கஜவியா, ஜனாதிபதிகள் வரிசை (2000 முதல்): 8.1 கிராம், 26.5 மி.மீ., செப்பின்மேல் மங்கனீஸ் பித்தளை.
வெள்ளிக் கழுகு (1986 முதல்): 31.1 கிராம், 40.6 மி.மீ., வெள்ளி 99.9 சதவீதம். முதலீட்டுக்கும் சேகரிப்புக்கும் உரியது.

2021 இல் மோர்கன், சமாதான டொலர்களின் நூற்றாண்டு நினைவாக அதே வடிவங்களை மீண்டும் அடித்தார்கள். அவை 99.9 சதவீத வெள்ளி. பழையவற்றோடு குழப்பிக்கொள்ளலாகாது.

மோர்கன் டொலரின் மறுபக்கத்தில், மலர்வளையத்தின் முடிச்சுக்குக் கீழே நாணயச்சாலையின் எழுத்தைத் தேடவேண்டும். எழுத்து இல்லையேல் பிலடெல்பியா. 'எஸ்' எழுத்துடன் 1893 என்ற ஆண்டு இருந்தால் அது சான் பிரான்சிஸ்கோவில் அடித்த ஒரு இலட்சத்தில் ஒன்று, பெருமதிப்புடையது. அதனாலேயே அதன் போலிகளும் அதிகம். நிறை குறைந்தாலோ கூடினாலோ வாங்காதீர்கள். நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் மதிப்பிடுவர். 60உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாதது. எல்லாவற்றிலும் முக்கியமானது, புளியோ சாம்பலோ போட்டுத் துலக்காதீர்கள். குத்துவிளக்குக்கு நல்லது நாணயத்துக்கு ஆகாது. துலக்கிய நாணயத்தின் விலை பாதியிலும் கீழே போய்விடும்.

இவற்றையெல்லாம் நண்பருக்குச் சொன்னேன். எழுத்து இல்லாத 1921. பிலடெல்பியாவில் மட்டும் அந்த ஆண்டில் 4 கோடி 46 இலட்சத்துக்கு மேல் அடித்தது. வெள்ளியின் விலைக்குச் சற்று மேலே தவிர வேறு மதிப்பில்லை. அவர் முகம் வாடியது.

உள்ளே போய் அலுமாரியிலிருந்து அம்மம்மாவின் சிறிய தகரப் பெட்டியை எடுத்துவந்தேன். அதில் கருத்துப்போன ஒரு ரூபா இருக்கிறது. ஐந்தாம் ஜோர்ஜ், 1919. அதை நண்பரின் டொலருக்குப் பக்கத்தில் வைத்து, இது ஏன் பிறந்தது, அது ஏன் பிறந்தது என்று விளக்கினேன். அவர் நெடுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இதைப் பேரனுக்குக் குடுக்கேக்கை, இந்தக் கதையையும் சேர்த்துக் குடுக்கவேணும்" என்றார். டொலரை உறையில் போட்டு, சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு புறப்பட்டார்.